மாஸ்க் கொடுத்தால் மட்டும் போதுமா?

மரம் பதப்படுத்தும் ஆலைகளில் ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கே மூக்கைவிட அதிகம் கவனிக்க வேண்டியது கை. மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் அரிக்காமல் ஏற்றும் மருந்து தோல் வழியாக இறங்கும். கழுவாத கையோடு சாப்பிட்டால் வாய் வழியாகவும் போகும்.

சிசிஏ என்கிற தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தைச் சிலிண்டருக்குள் வைத்து மூடி, வேக்குவம் போட்டு, கரைசல் நிரப்பி, சுமார் 10 பார் அழுத்தம் ஏற்றும்வரை எல்லாம் இரும்புக்குள்ளேயே நடக்கிறது. கதவு திறக்கும்போதுதான் வினை. அடுத்த லோடுக்கு அவசரப்பட்டுக் மிச்சக் கரைசலை உறிஞ்சும் கடைசி வேக்குவத்தைக் குறைத்தால் மரம் சொட்டச் சொட்ட வெளியே வரும். டிராலியை இழுப்பவரின் சட்டைக் கை நனையும், பூட்ஸுக்குள்ளும் இறங்கும். திறந்தவுடன் உள்ளே எட்டிப் பார்ப்பது அதைவிட மோசம். ஆவி அடங்கும்வரை தள்ளி நிற்க வேண்டும்.

சொட்டு நின்றுவிட்டால் மரம் தயார் என்பதும் தவறு. கரைசலில் உள்ள, நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம் மரத்தோடு வினைபுரிந்து நச்சு குறைந்த மூன்று இணைதிறனாக மாறினால்தான் மருந்து பிடிக்கும். நல்ல வெப்பத்தில் இதற்குச் சில நாள் போதும், கடுங்குளிரில் வாரக்கணக்கில் ஆகும். நாள் கணக்கை நம்பாதீர்கள். துளைத்தெடுத்த மரத்துண்டைக் குரோமோட்ரோபிக் அமிலத்தால் சோதியுங்கள். ஊதா நிறம் வந்தால் இன்னும் பிடிக்கவில்லை, அந்த அடுக்கை யாரும் தொடக் கூடாது.

துணிக் கையுறையும் தோல் கையுறையும் கரைசலைக் குடித்துத் தோலோடு ஒட்டவைத்துவிடும். அதற்கு வெறுங்கையே மேல், உடனே கழுவவாவது தோன்றும். முழங்கைவரை வரும் நைட்ரைல் கையுறை கொடுங்கள், உள்பக்கம் கறை தெரிந்தால் மாற்றுங்கள். விரல் கணுவில் துளையிட்டதுபோல வட்டமாக ஒரு புண், ஆனால் வலியே இல்லையென்றால், அது குரோமியப் புண்ணாக இருக்கலாம். வலிக்காததால்தான் யாரும் காட்டுவதில்லை. மேற்பார்வையாளர் வாரம் ஒருமுறை எல்லார் கையையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கிரியோசோட் என்கிற தார் எண்ணெய் மருந்து பட்ட தோல் வெயிலில் தீப்பட்டதுபோல எரியும், அதனால் கழுத்தையும் மூடுங்கள். பென்டாகுளோரோபீனால் என்கிற இன்னொரு மர மருந்து, நீண்ட காலம் அழியாத நச்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் 2015இல் சேர்ந்துவிட்டது. பழைய இருப்பைக் கையாள்பவருக்குக் கடும் வியர்வையும் காய்ச்சலும் வந்தால் ஆஸ்பிரின் தராமல், அவர் கையாண்ட மர மருந்தின் பெயரைச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

சிறுநீரில் ஆர்சனிக் பார்ப்பதென்றால் வேலை வாரத்தின் கடைசியில் பாருங்கள். முந்தைய மூன்று நான்கு நாள் மீன், இறால் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டால் கணக்கு ஏறிக் காட்டும். வேலை உடுப்பை ஆலையிலேயே துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். வீட்டுக்குப் போனால் அதைக் கையில் வாங்குவது குழந்தைகள்.