வட்டத்துக்குள்ளால் போகிற கோடு

போன கிழமை தம்பியின் மகள் பௌதிகவியல் கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். உயர்தரம், கணிதப் பிரிவு. ஓட்டத்தைக் காவும் வட்டத் தடத்தின் காந்த விசைக்கோடுகள்: மின்னோட்டம் போகிற வட்டக் கம்பியைச் சுற்றித் திசைகாட்டி ஊசி எந்தப் பக்கம் பார்க்கும் என்று காட்டுகிற கோடுகள். படம் அச்சடித்த மாதிரி இருந்தது. நடுவில் ஒரு நேர்கோடு, இரண்டு பக்கமும் இரண்டு புள்ளிகளைச் சுற்றி முட்டை வடிவ வளையங்கள், அம்புக்குறிகள் எல்லாம் சரி.

"சரி பிள்ளை, இதிலை கம்பி எங்கை?" என்று கேட்டேன்.

முட்டை வளையம் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

இவள் கெட்டிக்காரி. வட்டத்தின் நடுப்புள்ளியில் காந்தப் புலம் எவ்வளவு என்றால் மியூ நொட் ஐ பிரி இரண்டு ஆர் என்று நித்திரையிலும் சூத்திரம் சொல்லுவாள். ஐந்து விடைகளில் சரியானதைக் கண் மூடித் திறப்பதற்குள் கீறிவிடுவாள். ஆனால் அந்தப் படம் எதன் படம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இருநூறு பிள்ளைகள் இருக்கிற ரியூசன் கொட்டிலில் பலகையில் கீறியதைப் பார்த்துக் கீறினாள், அவ்வளவுதான். எனக்கு வருகிற கோபம் அவளில் இல்லை.

உழுந்து வடையை நடுவால் நெடுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகத்தில் இரண்டு துண்டுகள் தெரியும், வடையின் வட்டம் தெரியாது. கொப்பிப் படமும் அப்படி ஒரு வெட்டுமுகம்தான். அந்த இரண்டு புள்ளிகளும்தான் கம்பி. ஒன்றில் ஓட்டம் தாளைத் துளைத்து எங்களை நோக்கி வருகிறது, மற்றதில் உள்ளே போகிறது. விசைக்கோடு வடையின் ஓட்டைக்குள்ளால் புகுந்து வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து தன்னோடு தானே முடிகிற நூல். கம்பிக்குக் கிட்ட இருக்கிற நூல் சின்ன வட்டம். தள்ளிப் போகப் போக வளையம் பெருத்துக்கொண்டு போகும். நட்டநடுவில் அச்சு வழியே போகிற கோடு மட்டும் நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

நான் இதைப் படித்தது 1992இல், ஜாம் போத்தல் விளக்கில். ஊரில் கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் செய்தி கேட்டோம். அந்தக் காலத்தில் செய்முறை காட்டவில்லை என்று எந்த வாத்தியாரையும் குறை சொல்லமாட்டேன். எங்கள் சேர் வெறும் வலக்கையால் பெருவிரலை ஓட்டம் போகிற பக்கம் நீட்டி, மற்ற விரல்களை விசைக்கோடு சுற்றுகிற மாதிரி மடக்கி, கம்பி முழுக்க கையை நகர்த்திக் காட்டினார். கை எங்கே போனாலும் விரல் நுனிகள் உள்ளுக்குள் ஒரே பக்கமாகத்தான் புகுந்தன. இன்றைக்கும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது. இப்போது கரண்டும் இருக்கிறது, பிள்ளைகளின் கையில் காந்தமானி வைத்த தொலைபேசியும் இருக்கிறது. இப்போதும் வெறும் படம் என்றால் எப்படி?

அடுத்த நாள் இறங்கினேன். முதலில் பால்மா ரின்னில் கம்பியைச் சுற்றினேன். பற்றரியைக் கொடுக்க முதலே திசைகாட்டி ரின்னைப் பார்த்துத் திரும்பி நின்றது. இரும்பு ரின்! பெறாமகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாயும் குரைத்தது. பிறகு 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் வாளியில் 10 சுற்று. கழற்றி, ரேப் ஒட்டி, காட்போட் மட்டையில் செங்குத்தாக, வடக்குத் தெற்காக நிறுத்தினோம். தம்பியின் மோட்டார்சைக்கிள் பற்றரி 12 வோல்ற். ஓட்டம் கூடிவிடாமல் அதே மோட்டார்சைக்கிளின் 10 வாற் இண்டிக்கேற்றர் பல்ப்பைத் தொடரில் போட்டோம். கிட்டத்தட்ட 0.8 அம்பியர். கணக்குப்படி நடுவில் காந்தப் புலம் 50 மைக்ரோ டெஸ்லா (புலத்தை அளக்கிற அலகு).

எங்கள் ஊரில் பூமியின் புலம் 40 மைக்ரோ டெஸ்லாவுக்குக் கிட்ட. காந்த மத்தியகோடு, அதாவது பூமியின் புலம் முழுக்கக் கிடையாக இருக்கிற கோடு, எங்களுக்குக் கொஞ்சம் தெற்கால் போவதால் அது ஏறக்குறைய கிடையாகவே கிடக்கிறது. (1963இல் இந்தியா கேரளத்துத் தும்பாவில் ரொக்கெற் தளம் போட்டதும் அந்தக் கோட்டுக்காகத்தான்.) இந்தப் பரிசோதனைக்கு இதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. பல்ப் எரிந்தது. நடுவில் இருந்த ஊசி வடக்கை விட்டு 50 பாகைக்குக் கிட்டத் திரும்பி நின்றது.

"இப்ப திசைகாட்டியைக் கம்பிக்கு வெளியாலை வை" என்றேன். இரண்டு விரல் தள்ளி வைத்தாள். ஊசி வடக்கைத் தாண்டி மற்றப் பக்கம் சாய்ந்தது. திரும்ப உள்ளே, திரும்ப வெளியே. ஏழெட்டுத் தரம் செய்தாள். பிறகு கொப்பியை எடுத்து அந்த முட்டை வளையத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே மேல்நோக்கி, வெளியே கீழ்நோக்கி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. "நடுவில்தான் புலம் மிகக் கூட" என்று பிள்ளைகள் சும்மா சொல்லிவிடுகிறார்கள். அரைவாசிதான் சரி. அச்சு வழியே விலகினால் குறையும். ஆரையளவு தூரம் போனாலே 35 சதவீதம்தான் மிஞ்சும். ஆனால் அதே வட்டத்தின் தளத்துக்குள் கம்பியை நோக்கி நகர்ந்தால் கூடும். அதாவது உள்ளே, தளத்தில், நடுப்புள்ளிதான் ஆகக் குறைந்த இடம். சைக்கிள் சீற் மாதிரி: ஒரு பக்கமாகப் போனால் இறக்கம், குறுக்கே போனால் ஏற்றம். சூத்திரம் நடுப்புள்ளி ஒன்றுக்கு மட்டும் விடை தருவதால் மிச்ச இடத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

1820 ஜூலையில் டென்மார்க் விஞ்ஞானி ஏர்ஸ்டெட், ஓட்டம் போகிற கம்பிக்குக் கிட்ட ஊசி திரும்புகிறது என்று எழுதினார். செப்டெம்பரில் பிரான்சில் அம்பியர் தன் பரிசோதனைகளோடு வந்தார். ஒக்ரோபர் முடிய முதல் அங்கேயே பயோவும் சவாட்டும் கம்பியின் காந்த விசையை அளந்து முடித்துவிட்டார்கள். மூன்று நாலு மாதம்! விசைக்கோடு என்று படமாக யோசிக்கப் பழக்கிய ஆங்கிலேய விஞ்ஞானி பரடே புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர், கணிதம் பெரிதாகத் தெரியாது. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அந்த மனிதர் கோடு கீறினார். நாங்கள் அந்தக் கோட்டையே பாடமாக்க வைத்திருக்கிறோம்.

சிலபஸ் முடியாது, நேரம் இல்லை என்று ஆசிரிய நண்பர்கள் கீழே எழுதுவீர்கள், தெரியும். எங்களுக்கு ரின் பிழைத்த நேரத்தையும் சேர்த்து முக்கால் மணித்தியாலம் போனது.

நேற்றுப் பார்த்தால் அதே கம்பியைக் கழற்றி, பிவிசி குழாயில் நீளச் சுருளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். தம்பி இன்னும் வலப்பக்கம் திரும்ப கை காட்டித்தான் ஓடுகிறான்.