அப்பாவுக்கு 7.45, மகனுக்கு 7.77

இந்தோனேசிய ஜெனரல்கள் என்றதும் பேச்சு முப்பது வருடத்துக்கு மேல் ஆண்ட சுகார்த்தோவுக்குப் போகும், இல்லையென்றால் 2024-இல் அதிபரான பிரபோவோவுக்கு. நடுவில் பத்து வருடம் ஆண்ட சுசீலோ பம்பாங் யுதோயோனோவை யாரும் சட்டை செய்வதில்லை. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் அவர்தான். அங்கே சுருக்கமாக எஸ்.பி.ஒய்.

1973-இல் மகெலாங் ராணுவ அகாடமியில் முதல் மாணவர். கம்யூனிஸ்டுகளைக் குறிவைத்த 1965-66 படுகொலைகளின்போது பாரா கமாண்டோ படைக்குத் தளபதியாக இருந்த சார்வோ எடியின் மருமகன். பதவியில் எட்டியது லெப்டினன்ட் ஜெனரல் வரை. நான்காவது நட்சத்திரம் கௌரவமாகக் கிடைத்தது. 2001-இல் துணை அதிபர் பதவிக்கு நின்று தோற்றார், அமைச்சரானார். 2004 மார்ச்சில் அப்போதைய அதிபர் மேகவதியின் கணவர் தௌஃபிக் கீமாஸ், 'ஜெனரல் சின்னப் பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறார்' என்று சீண்ட, மார்ச் 11 அன்று அமைச்சர் பதவி ராஜினாமா. அனுதாப அலை அடித்தது. ஜெயித்தது அதனால்தான் என்று இன்றும் எழுதுகிறார்கள்.

அலை இருந்தது உண்மை. ஆனால் வேட்புமனு போட ஆளை அனுமதித்தது அலை இல்லை, விதி. 2003 சட்டப்படி அதிபர் வேட்பாளரை நிறுத்த ஒரு கட்சிக்கோ கூட்டணிக்கோ 15 சதவீத இடங்கள் அல்லது 20 சதவீத வாக்குகள் வேண்டும். முதல் தேர்தல் என்பதால் 2004-க்கு மட்டும் சலுகை: 3 சதவீத இடங்கள் அல்லது 5 சதவீத வாக்குகள். அவருடைய டெமோக்ராட் கட்சி வாங்கியது 7.45 சதவீத வாக்குகள். கூட வந்த இரண்டு குட்டிக் கட்சிகளைச் சேர்த்தாலும் 12-ஐத் தொடாது. சலுகை இல்லாவிட்டால் பெரிய கட்சி ஒன்றின் வாசலில் போய் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, முதல் சுற்றில் 33.57, செப்டம்பர் 20 இரண்டாம் சுற்றில் 60.62 சதவீதம்.

பதவியேற்று இரண்டே மாதத்தில், நம் கரைகளையும் அடித்த அந்த டிசம்பர் 26. தனி நாடு கேட்டுக் கிளர்ச்சியாளர்கள் போராடிவந்த அச்சே மாகாணம் சுனாமியில் சின்னாபின்னமானது. 2003-இல் அங்கே ராணுவச் சட்டம் போட்டபோது பாதுகாப்புக்கான ஒருங்கிணைப்பு அமைச்சர் இவர்தான். அதே மனிதர் 2005 ஆகஸ்ட் 15 அன்று கிளர்ச்சியாளர்களுடனான ஹெல்சிங்கி சமாதான உடன்படிக்கைக்கு வழிவிட்டார். தயங்குபவர் என்று கேலி பேசியவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

என் குறை வேறு. அவர் ஆட்சியில் வந்த 2008 சட்டம் அந்த வரம்பை 20 சதவீத இடங்கள் அல்லது 25 சதவீத வாக்குகள் என்று உயர்த்தியது. 2004-இன் எஸ்.பி.ஒய். அந்த வாசலில் நுழைந்திருக்கவே முடியாது. அடுத்த வருடமே 560-இல் 148 இடங்கள் ஜெயித்த கட்சிக்கு அது வலிக்கவில்லை. ஏறிய ஏணியை எட்டி உதைப்பது என்றால் இதுதான். 2017-இல் அதே 20-ஐ அடுத்த அரசு வைத்தபோது, 'அரசியல் நகைச்சுவை' என்றார். நாடாளுமன்றத் தேர்தலும் அதிபர் தேர்தலும் ஒரே நாளில் நடக்கும்போது ஐந்து வருடப் பழைய முடிவை அளவுகோலாக வைப்பது அபத்தம்தான், அந்த வாதம் சரி. சொல்ல வேண்டிய வாய் அதுவா?

அடி விழுந்தது வீட்டுக்குள். மேஜர் பதவியை விட்டு அரசியலுக்கு வந்த மகன் ஆகுஸின் கையில் 2020 முதல் கட்சி. 2019-இல் அது வாங்கியது 7.77, அப்பா அதிபரானபோது வாங்கியதைவிட அதிகம். ஆனால் தனியாக யாரையும் நிறுத்த முடியாது. 2024 தேர்தலில் அதிபர் பதவிக்கு நின்ற அனீஸ் பஸ்வேடானின் துணை அதிபர் வேட்பாளராக ஆகுஸ் காத்திருந்தார். 2023-இல் அந்த இடம் வேறொரு கட்சித் தலைவர் முகைமின் இஸ்கந்தாருக்குப் போனது.

2025 ஜனவரி 2 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்த வரம்பையே ரத்து செய்தது. அதற்குள் ஆகுஸ் பிரபோவோவின் அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார்.