வெயில் மீனுக்கு மருந்து இல்லண்ணே
மேல ஒரு அண்ணன் "வெயில் ஏறுனா தண்ணியில கிருமி செத்துரும், மீனுக்கு எதிர்ப்பு சக்தி கூடும், மலேசியாவுல சுங்கை சிப்புட் தோட்டத்து குளத்துல திலாப்பியா மீன் சாவுறது பூச்சிமருந்தாலதான்"னு போட்டிருக்கீங்க. பாதிதான் சரிண்ணே. தொட்டியில வெள்ளைப்புள்ளி நோய்க்கு தண்ணிய 30 டிகிரிக்கு சூடேத்துவாங்க, கோய்ங்கிற அழகு மீன தாக்குற ஹெர்பிஸ் வைரஸும் அந்த சூட்டுக்கு மேல அடங்கிரும், உண்மை.

ஆனா திலாப்பியாவ கொல்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா தண்ணி சூடாகும்போதுதான் வேகமா பெருகுது, அதோட 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையிற ஆக்சிஜன் 30ல ஏழரைக்கு இறங்கிருது, மீனுக்கோ சூட்டுல ஆக்சிஜன் இன்னும் அதிகமா வேணும், அந்த நெருக்கடியில கார்டிசோல்ங்கிற மனஅழுத்த ஹார்மோன் மாதிரி உடம்பு நெருக்கடியில சுரக்குற ஹார்மோன் ஏறி எதிர்ப்பு சக்தி படுத்துரும். கொஞ்ச நேரம் சூடு வேற, வாரக்கணக்கா வெயில் வேற.

பூச்சிமருந்து ஓடி வந்து குளத்துல கலந்தா மீன் சாவும்தான், நான் மறுக்கல, ஆனா கண்ணு பிதுங்கி, வட்டம் வட்டமா சுத்தி சுத்தி நீந்தி சாவுதுன்னா மொதல்ல இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோயத்தான் சந்தேகப்படணும். தயவுசெஞ்சு சூட்டு நாள்ல தீனிய குறைங்க, ராத்திரி காத்து மிஷின நிறுத்தாதீங்க, செத்த மீன உடனே எடுத்துருங்க, கடையில கிடைச்ச ஆன்டிபயாட்டிக்க கண்ண மூடிட்டு கொட்டாம மீன்வளத்துறையில காட்டுங்க.