அதியமானுக்கும் ஒரு படம் வேணுங்க
பொன்னியின் செல்வன் ஷூட்டிங்ல குதிரை ஓட்டுனத பத்தி கார்த்தி சொல்லிருக்கறத படிச்சேங்க, 2019 கடைசில தாய்லாந்துல ஆரம்பிச்சு நடுவுல கொரோனா வந்து நின்னு போயி 2022லதான் மொத பாகமே வந்துச்சு, அத்தன நாளும் வந்தியத்தேவன மனசுல வெச்சிருந்து அதே துறுதுறுப்போட நடிக்கறது பெரிய விஷயம். எனக்கு தர்மபுரி. எங்க மியூசியத்துல நடுகல்லுங்க இருக்கு, ஆநிரை சண்டையில, அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில செத்த வீரனுங்களுக்கு வெச்சது, கொண்டை எப்படி போட்டான், வில்ல எப்படி புடிச்சான், கத்தி எப்படி இருந்துச்சு எல்லாம் கல்லுலயே செதுக்கி வெச்சிருக்காங்க. சரித்திர படத்துக்கு டிரெஸ் டிசைன் பண்றவங்க கண்டிப்பா வந்து பாக்கணும். ஔவையாருக்கு நெல்லிக்கனி குடுத்த அதியமானோட தகடூர் இதுதான, அவர பத்தி ஒரு நல்ல படம் எடுங்கப்பா, கார்த்தியே நடிச்சா ரொம்ப சந்தோஷம்.