ஆம், கிளித்தட்டு மறித்தது நான்தான்

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் யாராவது அனுப்பியிருப்பார்கள். ஆகவே அதை இங்கே மறுபடி போடப் போவதில்லை. பழைய பஞ்சாபி உடுப்போடு, சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டி, ஒழுங்கையில் சாம்பலால் போட்ட கிளித்தட்டுக் கோட்டின் மேல், எதிர்ப்பக்கத்தார் கடந்துவிடாதபடி கைகளை விரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற பெண் நான்தான். கடைசியில் கால் வழுக்கிப் பொத்தென்று விழுகிறவளும் நான்தான். விழுந்த பிறகு எழும்பாமல் அப்படியே இருந்து சிரிக்கிறவளும் நான்தான். சந்தேகப்பட்டு எனக்கே அனுப்பி, "இது நீங்களா டீச்சர்?" என்று கேட்ட மூன்று பேருக்கும் இதுவே பதில்.

விடுமுறை நாளில் விளையாடினேன். அவ்வளவுதான் நடந்தது.

இதற்குத்தான் பெற்றோர் குழுவில் நாற்பதுக்கு மேற்பட்ட கருத்துகள். "முன்மாதிரியாக இருக்க வேண்டியவர்" என்று ஒருவர். "வயதுக்கேற்ற நிதானம் வேண்டும்" என்று இன்னொருவர். மேலிடத்துக்குக் கடிதம் எழுதப் போவதாக ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். எழுதட்டும். என்ன குற்றம் என்று எழுதுவார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. "மேற்படி ஆசிரியை முழுநிலவுப் போயா விடுமுறை தினத்தன்று மூன்றாம் தட்டில் நின்று மறித்தார்" என்றா?

நடந்ததைச் சொல்கிறேன். பின்னேரம் ஐந்தரை மணி இருக்கும். சோளகக் காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். படலையில் ஐந்தாறு தலைகள். "டீச்சர், ஓர் ஆள் குறைகிறது." கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு அந்த வாக்கியத்தின் கனம் தெரியும். இரண்டு பக்கமும் சரிசமமாக ஆள் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. ஒரு பிள்ளையை வெளியே இருத்த வேண்டும். வழக்கமாக எல்லோரிலும் சின்னப் பிள்ளைதான் அப்படி இருக்கும். அது ஏற்கெனவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. உடுப்பை விறாந்தையில் போட்டுவிட்டுப் போனேன்.

எங்கள் பக்கத்துக் கிளிக்குப் பதினொரு வயது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மறிக்கிற மற்றவர்கள் அவரவர் குறுக்குக் கோட்டில் மட்டும்தான் ஓடலாம், கிளி நடுக்கோட்டிலும் ஓடலாம், சுற்றியும் ஓடலாம். ஆகவே கிளி சொல்வதுதான் சட்டம். "டீச்சர், அங்கே பார்க்காதீர்கள், உங்கள் தட்டைப் பாருங்கள்!" என்று அந்தப் பிள்ளை என்னை ஏசியது. கிழமையில் ஐந்து நாளும் "சத்தம் போடாதே, நேராக இரு, கொப்பியை எடு" என்று ஏசிக்கொண்டிருப்பவள் நான். ஒரு பின்னேரம் முழுவதும் எனக்கு யாரோ சொன்னார்கள், நான் கேட்டேன். அதில் இருந்த சுகத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஏழு மணிக்குக் குளக்கட்டுப் பக்கத்து மரங்களுக்கு மேலே நிலவு வந்துவிட்டது. கிளித்தட்டு நிலவில் ஆடுகிற ஆட்டம். அரசாங்கமே பார்த்து மாதத்துக்கு ஒரு முழுநிலவுக்கு விடுமுறை தருகிறது. (1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் சனி, ஞாயிறு விடுமுறையே கிடையாது, வாரத்துக்கு ஒன்றாக வந்த போயாவை வைத்துத்தான் வார விடுமுறை. அப்பா அப்போது பள்ளிக்கூடம் போன பையன். இன்றைக்கு என்ன கிழமை என்றே தெரியாமல் அலைந்தோம் என்பார்.)

இனி முன்மாதிரிக்காரருக்கு வருகிறேன். ஐயா, ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்தன்று நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். நாங்கள் பன்னிரண்டு ஆசிரியைகள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சங்கீதக் கதிரைக்கு ஓடினோம். ஒருவர் கதிரையோடு சேர்ந்து விழுந்தார். நீங்கள் கைதட்டினீர்கள். சித்திரை விளையாட்டு விழாவில் ஐம்பத்தைந்து வயதுக்காரர்கள் கண்ணைக் கட்டி முட்டி உடைத்தார்கள், மரக்குற்றியில் ஏறி இருந்து தலையணையால் அடிபட்டார்கள். அப்போது எல்லோருடைய நிதானமும் எங்கே போயிருந்தது? நிகழ்ச்சி நிரலில் அச்சடித்து, ஒலிபெருக்கியில் அறிவித்து, பிரதம விருந்தினருக்கு மாலை போட்டால் அது விளையாட்டு. ஒழுங்கையில் யாரும் கேட்காமல் நடந்தால் கூத்து. அப்படித்தானே?

விடுமுறை நாளில் விளையாடினேன். திரும்பவும் சொல்கிறேன்.

"எங்கள் பண்பாடு" என்று எழுதியவருக்கும் ஒரு சொல். நீங்கள் ஒவ்வொரு வைகாசியும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்குப் போகிறவர், படம் போடுகிறவர். அந்த அம்மன் எங்கள் மண்ணுக்கு எப்படி வந்தாள் என்ற கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பொடியன்களிடம் கிழவியாக வந்தாள். அவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள். எண்ணெய் இல்லையென்றதும் கடல் தண்ணீரில் விளக்கெரிக்கச் சொன்னாள். பிறகு தலையைக் கொடுத்துப் பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்தவன் தலையெல்லாம் கண் கண்டான். பெரியவர்களின் சபைக்குப் போகாமல், வெயிலில் திரிந்த பொடியன்கள் நடுவே போய் இருந்தவளைக் கும்பிட்டுவிட்டு வந்து எனக்கு வயதைப் பற்றிப் படிப்பிக்கிறீர்கள்.

சரி, சிலர் நியாயமாகவும் கேட்டிருந்தார்கள். தரம் 5 புலமைப்பரிசிலுக்கு ஆயத்தமாகும் பிள்ளை ஒன்று அன்று பின்னேர வகுப்புக்குப் போகாமல் எங்களோடு நின்றது உண்மை. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பேனா என்று கேட்டால், அனுப்பியிருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாயிடம் நேரில் பேசிவிட்டேன். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒன்று: போயா நாளில் வகுப்பு வைத்தவரைப் பற்றி அந்தக் குழுவில் ஒரு வரி கூட இல்லை. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. 1991இல் இந்த நாடு அதற்கு ஒப்புக்கொண்டது. ஒக்டோபர் 1ஆம் திகதி பதாகை பிடிக்கும்போது மட்டும் நமக்கு அது நினைவுக்கு வரும். பெரியவர்களுக்கும் ஓய்வு உண்டு, 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தில் 24ஆம் உறுப்புரை. ஓய்வில் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதவில்லை. கதிரையில் இருந்து கைபேசியில் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் எழுதவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று நேற்றிரவு யோசித்துப் பார்த்தேன். அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

1996இல் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம் பக்கம் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. தறப்பாள் கொட்டில், மரத்தடிப் பள்ளிக்கூடம், விளக்குக்குப் பயன்படுத்தும் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக அளந்த காலம். ஒரு பின்னேரம் தங்கைகளோடு கொக்கான் வெட்டிக்கொண்டிருந்தேன். உலை கொதிக்கும் வரை சும்மா நின்ற அம்மா, "தள்ளு பார்ப்போம்" என்று சொல்லி நிலத்தில் இருந்தார். ஐந்து கல்லையும் எறிந்து புறங்கையில் ஏந்தினார். ஒன்றும் விழவில்லை. பிறகு அதை அப்படியே மேலே எற்றி உள்ளங்கையில் பிடித்தார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம். அம்மம்மா கொட்டிலுக்குள் இருந்து கத்தினார்: "குமர்ப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவளுக்கு விளையாட்டு!" அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் விளையாடி நான் பார்க்கவில்லை.

அம்மா 2009இல் இறுதிப் போரில் மாத்தளனில் போய்விட்டார். ஒரு படம் கூட மிஞ்சவில்லை. சில நாட்களில் அவருடைய முகமே எனக்கு மங்கிவிடும். ஐந்து கல் இருந்த அந்தப் புறங்கை மட்டும் மங்குவதில்லை. அம்மம்மா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னொரு பத்துப் பின்னேரம் எங்களுக்குக் கிடைத்திருக்குமே என்று இந்த வயதிலும் அந்தக் கிழவியின் மேல் கோபம் வருகிறது. அவரும் இப்போது இல்லை.

பிறகு மெனிக் பாம், போரில் தப்பி வந்தவர்களை வைத்திருந்த முகாம். அங்கே சின்னப் பிள்ளைகள் "வரிசை" விளையாடினார்கள். ஒருவன் தண்ணீர் பவுசர், மற்றவர்கள் போத்தலோடு வரிசை. வரிசை விலகினால் ஆட்டமிழப்பு. அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு இருபத்தைந்து, முப்பது வயது. கிளித்தட்டு தெரியாது. ஏனென்று கேட்காதீர்கள், கோடு கீற இடம் இருக்கவில்லை. என்னைப் படம் பிடித்தவருக்கும் அந்த வயதுதான் என்று கேள்விப்பட்டபோது, உண்மையைச் சொன்னால், கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி இறங்காது. வேலிக்குப் பின்னால் நின்று, கேட்காமல், பிள்ளைகள் எல்லோருடைய முகமும் தெரியும்படி பிடித்து, நூற்றுக்கணக்கானவர்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். முன்மாதிரி பற்றிய நாற்பது கருத்துகளில் இதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் நன்றி.

ஆண் ஆசிரியர்கள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் காற்சட்டையோடு கிரிக்கெட் விளையாடுவதைப் பற்றி எழுதலாம் என்றிருந்தேன். எழுதவில்லை. அவர்களில் இருவர் என் நண்பர்கள், குழுவில் வாய் திறக்காதவர்கள். அவர்களுக்கு விளங்கும்.

கடைசியாக ஒரு கருத்து. அதை எழுதியவர் அரை மணித்தியாலத்தில் அழித்துவிட்டார். ஆனால் நான் பார்த்துவிட்டேன். "பிள்ளை இல்லாதவர், ஊர்ப் பிள்ளைகளை வைத்து ஆசையைத் தீர்க்கிறார்."

இதற்குப் பதில் எழுதமாட்டேன் என்று மூன்று நாள் இருந்தேன். தீர்க்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. உங்களுடைய மகன்தான் அன்றைக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற அந்தச் சின்னவன். அவனை வெளியே இருத்தக்கூடாது என்றுதான் உடுப்பை விறாந்தையில் போட்டுவிட்டு வந்தேன். அவன் அன்றைக்கு இரண்டு தரம் என்னைக் கடந்து போனான். விட்டுக்கொடுக்கவில்லை, உண்மையாகவே கடந்தான். வீட்டில் வந்து சொன்னானா?

முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. சித்தாலேப பூசியிருக்கிறேன். யாரும் பார்க்க வர வேண்டாம். நாளைக்குள் திருத்த முப்பத்தெட்டுக் கட்டுரைக் கொப்பிகள் மேசையில் கிடக்கின்றன.