பணம் பேச்சு என்றால், நான் பேசியது என்ன?

சனிக்கிழமை நம் சந்திப்பில் நடந்த வாக்குவாதத்தை நேரில் பார்த்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள், அதனால் முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. தேர்தல் செலவுக்கு வரம்பு வைக்க அமெரிக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றேன். "பணம் செலவழிப்பதும் பேச்சுரிமைதான், உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தீர்கள்.

சொல்லியாச்சு, தெரியும். 1976இல் பக்லி வழக்கில், நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், செலவுக்கு வைக்கக்கூடாது என்றார்கள். 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் நிறுவனங்களும் தேர்தலுக்கு இஷ்டம்போல் செலவழிக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஐந்து நீதிபதிகள் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. அதனால்தானே திருத்தம் கேட்கிறேன்! சாதாரணச் சட்டம் இனி நிற்காது. மொன்டானா மாநிலத்தில் செம்புச் சுரங்க முதலாளிகளின் ஆட்டம் தாங்காமல் 1912இல் நிறுவனங்களின் தேர்தல் செலவைத் தடுக்க மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் நூறு வருடம் நின்றது. 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வாதம்கூடக் கேட்காமல் அதைத் தூக்கிப்போட்டார்கள்.

மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்ற ஒரு ஆசிரியைக்காக நான் பத்து வாரம் வீடு வீடாக நடந்தேன். கடைசி வாரம் ஒரு பாட்டி கதவைத் திறந்து, தபாலில் வந்த வழவழப்பான அட்டையை நீட்டினார். ஆசிரியையின் படத்தைக் கருப்படித்து, குற்றவாளி மாதிரி ஆக்கியிருந்தார்கள். அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் செலவு செய்த அமைப்பின் பெயர். முகவரி வேறு மாநிலம். "நல்ல பொண்ணுன்னு நினைச்சேனே" என்றார் பாட்டி. அன்றைக்கு எட்டு வீடுகளில் அதே அட்டை. பணம் பேச்சு என்றால், நான் பத்து வாரம் பேசியது என்ன?

2024இல் ஒருவர் அதிபர் வேட்பாளருக்கு நேரடியாக ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர்தான் தரலாம். அதே ஆண்டு எலான் மஸ்க், பெரும்பாலும் சூப்பர் பேக் (வரம்பில்லாமல் பணம் வாங்கித் தேர்தலுக்குச் செலவழிக்கும் அமைப்பு) வழியாக, 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். இரண்டும் ஒரே உரிமையா?

இப்படித் திருத்தினால் பத்திரிகைகளின் வாயையும் கட்டிவிடுவார்களே என்று கேட்டவருக்கு: நியாயமான பயம், எனக்கும் உண்டு. 2014இல் இதே நோக்கத்தில் செனட்டுக்கு (மேலவைக்கு) வந்த திருத்த வரைவில், பத்திரிகைச் சுதந்திரத்தைத் தொடக்கூடாது என்று தனிப் பிரிவே இருந்தது. அந்த வரைவு 54க்கு 42 என்று நின்றுபோனது, விவாதத்தை முடிக்க வேண்டிய 60 வாக்குகூடக் கிடைக்கவில்லை. திருத்தத்துக்குத் தேவையான 38 மாநிலம் எங்கே சம்மதிக்கும் என்கிறீர்கள். 18 வயதில் வாக்குரிமை எப்படி வந்தது? மாநிலத் தேர்தல்களுக்கு அந்த வயதை விதிக்க காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அதிகாரமில்லை என்று 1970இல் தீர்ப்பு. 1971 மார்ச்சில் திருத்தம் காங்கிரசைத் தாண்டியது, ஜூலை 1க்குள் மாநிலங்களும் ஏற்றுவிட்டன. இரண்டு கட்சிகளும்தான் பணம் வாங்குகின்றன என்றால், சரி, இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஆனால் "பிழைக்க வந்த இடத்தில் வேலையைப் பார்" என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. குடியுரிமை வாங்கும்போது கையை உயர்த்திச் சத்தியம் செய்தது இந்த அரசியல் சட்டத்தின் பேரில்தான். அதைப் பற்றிப் பேச நான் இன்னும் எத்தனை வருடம் இங்கே இருக்க வேண்டும்?

அந்த அட்டை இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை கொண்டுவருகிறேன். அடியில் இருக்கும் பெயரைப் படித்து, அவர்கள் யார் என்று எனக்குச் சொல்லுங்கள்.