உபயதாரர் பெயரையும் போடுங்கள்

இத்தாலியத் தேவாலயங்களில் உள்ள பரோக் (17-ஆம் நூற்றாண்டுப் பாணி) ஓவியம் பற்றி எந்த விவாதம் எழுந்தாலும் ஒரே கேள்விதான்: "இது அந்தக் காலத்துப் பெரிய ஓவியர் கரவாஜியோ வரைந்ததா, சீடப்பிள்ளை வரைந்ததா?" காசு கொடுத்தவரைப் பற்றிப் பேச்சே இருக்காது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் கரவாஜியோவின் மூன்று படங்கள் இருக்கின்றன. மூன்றிலும் புனித மத்தேயுதான். ஏன் மத்தேயு? அந்தப் படங்கள் இருக்கும் சிற்றாலயத்தை வாங்கிய பிரெஞ்சுக் கர்தினால் கொந்தரெல்லியின் பெயர் மத்தேயோ, அவ்வளவுதான்! வரி வசூலிப்பவராக இருந்த மத்தேயுவைச் சுங்கச் சாவடியில் கணக்குப் புத்தகமும் காசுமாக உட்கார்த்தி வைக்க வேண்டும் என்று குறிப்பும் எழுதி வைத்திருந்தார். 1585-இல் அவர் இறந்தார். வேலை பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தடித்து, தேவாலயக் குருக்கள் போப்பாண்டவர் வரை புகார் கொண்டுபோன பிறகுதான் 1599-இல் இரு பக்கச் சுவர்களுக்கான படங்களும் 400 ஸ்கூதிக்குக் (அன்றைய ரோம் நாணயம்) கரவாஜியோ கைக்கு வந்தன. அவற்றில் ஒன்றில் தெரியும் மேசை, நாணயம், கணக்கு எழுதுபவர்கள் எல்லாம் செத்துப்போன கர்தினாலின் யோசனை. இருட்டில் அவர்கள்மேல் விழும் அந்த வெளிச்சம் மட்டும் ஓவியருடையது. (அந்த "மட்டும்" எவ்வளவு பெரியது என்பது வேறு விஷயம்.)

உபயதாரர் ஒப்புக்கொண்டாலும் கோயில்காரர்கள் மறுப்பதுண்டு. வழக்கறிஞர் லயெர்சியோ கெருபினி 1601-இல் கரவாஜியோவிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய 'கன்னி மரியாளின் மரணம்' படத்தைக் கோயிலை நடத்திய கார்மேல் சபைத் துறவிகள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மாதாவின் உடல் நிஜப் பிணம்போல ஊதிக் கிடந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்த இடத்துக்குக் கார்லோ சரசேனி என்ற ஓவியர் அடக்கமாக ஒன்று வரைந்து கொடுத்தார். தள்ளப்பட்ட படத்தை ஓவியர் ரூபன்ஸ் சிபாரிசில் மான்துவா கோமகன் வாங்கினார். இன்று அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில்.

ஓவியர் யார் என்று தீர்மானிப்பதற்கும் கடைசியில் உபயதாரர்தான் துணைக்கு வருகிறார். கரவாஜியோவின் 'கிறிஸ்து கைதாகுதல்' கோயில் படமல்ல, ரோமில் மத்தேயி குடும்பத்து மாளிகைக்கு வரைந்தது. 1802-இல் ஹோன்ட்ஹார்ஸ்ட் என்ற டச்சு ஓவியர் பெயரில் விற்கப்பட்டு, டப்ளினில் இயேசு சபைக் குருக்களின் சாப்பாட்டு அறையில் தொங்கிக்கொண்டிருந்தது. 1990-இல் அதைக் கண்டுகொண்டது ஒரு நிபுணரின் கண்தான், மறுக்கவில்லை. ஆனால் வாய்ச்சண்டையாக முடியாமல் காப்பாற்றியது 1603 ஜனவரியில் 125 ஸ்கூதி கொடுத்ததாக அந்தக் குடும்பத்துக் கணக்கேட்டில் இருந்த வரி.

எனக்குப் பிடித்த உபயதாரர்கள் நேப்பிள்ஸ்காரர்கள். 1602-இல் இளம் பிரபுக்கள் ஏழு பேர் தொடங்கிய பியோ மோந்தே தர்ம சங்கம், கிறிஸ்தவம் சொல்லும் இரக்கத்தின் ஏழு செயல்களையும் கரவாஜியோவிடம் ஒரே படத்தில் வாங்கியது. பசித்தவருக்கு உணவு, பிணத்துக்கு அடக்கம் என எல்லாம் ஒரு குறுகிய சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பின்னர் 1613-இல், என்ன விலை வந்தாலும் விற்பதில்லை என்று தீர்மானமே போட்டார்கள். அதனால்தான் படம் இன்றும் அதே பீடத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் கீழே பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மாடியில் கோரெத்தோ என்றொரு சிறு அறை உண்டு, சங்கத்தார் பூசை பார்த்த இடம். அங்கிருந்தும் ஒருமுறை பாருங்கள்.